ஓர் எழுத்துகூட மாற்றாமல்

லின்சி கெளுத்தி மீனின் முள்ளை ஒடித்துக்கொண்டிருந்தபோது திருச்சி கம்பெனியிலிருந்து போன் வந்தது. கை முழுக்க வழவழப்பு. புறங்கையால் திரையைத் தள்ளிவிட்டுப் போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டாள். பேசியது இண்டர்வியூ அன்று உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்த எச்.ஆர். பெண். "மேடம், நீங்க ஜாயின் பண்ணலைன்னு உங்க ஹஸ்பண்ட் போன் பண்ணிச் சொன்னாரே. வீட்டுச் சூழ்நிலை சரியில்லைன்னாரு. வேற ஒருத்தருக்கு ஆஃபர் குடுத்தாச்சு. நீங்க ஒரு மெயில் மட்டும் போட்டுட்டீங்கன்னா ஃபைலை முடிச்சிடுவேன்" என்றாள் அவள். லின்சி "சரிங்க" என்றாள். மிச்ச மீனையும் உப்புப் போட்டுத் தேய்த்துக் கழுவினாள். முள் ஏறிய கட்டைவிரலில் ரத்தம் வந்ததைக்கூட அவள் கவனிக்கவில்லை.

ஹாலில் அவள் புருஷன் கிளாட்சன் இரண்டு திரைகளுக்கு முன்னால் காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவன் தொழில் அப்படி. ஊர் உலகத்து வெப்சைட்டுகளில் எங்கே ஓட்டை இருக்கிறது என்று மோப்பம் பிடித்து, அந்தந்தக் கம்பெனிக்கே எழுதிச் சொல்லிச் சன்மானம் வாங்குவான். சும்மா சொல்லக்கூடாது, கெட்டிக்காரன்தான். சுவர் பூராவும் ஃபிரேம் போட்ட பாராட்டுச் சான்றிதழ்கள். கல்யாண போட்டோவை மாட்ட இடமில்லை என்று பீரோவுக்குள் வைத்துவிட்டார்கள்.

"யாரு போன்ல?"

"ராங் நம்பருங்க."

"ராங் நம்பருக்கு சரிங்கன்னு சொல்ற. நல்ல மரியாதை போ" என்று சொல்லிச் சிரித்தான். கேட்கவேண்டியதுதானே, ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று? கேட்டால் என்ன நடக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். அவன் கத்தமாட்டான். "எந்தக் கம்பெனி? நீ எப்ப இண்டர்வியூக்குப் போன?" என்று நிதானமாக ஆரம்பிப்பான். கண் ஆஸ்பத்திரிக்கு என்று பொய் சொல்லிவிட்டுப் போனவள் கடைசியில் அவள்தானே. அதனால் வாயை மூடிக்கொண்டு புளியைக் கரைத்தாள்.

ஒரே ஆபீஸில் வேலை பார்த்துப் பழகி, வீட்டார் சம்மதத்தோடு பூசை வைத்துக் கட்டிக்கொண்டவர்கள்தான் இருவரும். வெப்சைட் கட்டுகிற வேலையில் அவளும் ஒன்றும் சோடை போனவள் இல்லை. கல்யாணமான மறு மாசமே, "ரெண்டு பேரும் ஒரே பொழப்புல இருந்தா வீட்டுக்குள்ள ஆபீஸ் நாத்தம் அடிக்கும்" என்று சொல்லி அவளை நிறுத்திவிட்டான். அன்றிலிருந்து அவள் செய்த ஒரே வேலை ஆலங்கரை மாதா கோவில் வெப்சைட், அதுவும் சும்மா, கோவில் காரியம் என்பதால் அவன் தடுக்கவில்லை. அந்தத் திருச்சி வேலை கிடைத்திருந்தால் ஹாஸ்டலில் தங்கியிருப்பாள். வாரத்தில் ஐந்து நாள் தன் மூச்சைத் தானே விட்டிருப்பாள். அதைத்தான் அவன் ஒரு போன் காலில் மிதித்துவிட்டான்.

சரி, எப்படித் தெரிந்தது? ரசம் கொதிக்கக் கொதிக்க அதையே உருட்டிக்கொண்டிருந்தாள். அவள் போனை அவன் எடுத்துப் பார்ப்பான். எதிரே உட்கார்ந்தே பார்ப்பான், அதில் ஒளிவுமறைவு கிடையாது. அதனால் கம்பெனிக்கு அனுப்பிய மெயில் எல்லாமே கோவில் ஆபீஸ் கம்ப்யூட்டரிலிருந்துதான் போயின. மாயவரத்தில் இருக்கும் அம்மாவிடம்கூட மூச்சு விடவில்லை. பூதலூரில் கட்டிக்கொடுத்திருக்கும் அவன் அக்கா விண்ணரசி, இவள் அண்ணி என்று கூப்பிடுகிறவள், அந்தக் குடும்பத்திலேயே இவளைப் பார்த்து "சாப்பிட்டியா" என்று கேட்கிற ஒரே ஜீவன், அவளிடமும் சொல்லவில்லை. சொன்னது ஒரே ஒரு ஆளிடம்தான். மாதாவிடம். மாதாவுக்கு எதையும் மறைக்கக்கூடாது என்று கம்பெனி பெயர் முதற்கொண்டு எழுதியிருந்தாள்.

எழுதியது அந்த வெப்சைட்டில்தான். ஆலங்கரை மாதாவுக்கு மன்றாட்டு எழுதிப் போடுவது வழக்கம். எழுதியது ஒன்பது சனிக்கிழமை நவநாளில் மாதா பாதத்தில் இருக்கவேண்டும். முன்பெல்லாம் பெட்டிக்குள் சீட்டாகப் போட்டார்கள். பிள்ளைகள் துபாய், சிங்கப்பூர் என்று போனபின், இருந்த இடத்திலிருந்தே எழுதட்டும் என்று பங்கு ஃபாதர் ஆசைப்பட்டார். லின்சி கட்டிக்கொடுத்தாள். சனிக்கிழமை காலையில் உபதேசியார் சவரிராஜ் ஆபீஸ் கம்ப்யூட்டரைத் திறந்து, வந்த மன்றாட்டுகளைப் பிரிண்ட் எடுப்பார். பொது மன்றாட்டுகளை மைக்கில் வாசிப்பார். 'மாதாவுக்கு மட்டும்' என்று குறியிட்டதை மடித்துச் சுரூபத்தின் காலடியில் வைத்துவிடுவார். அவற்றை அவர்கூடப் படிப்பதில்லை. அவ்வளவு நேர்மையான மனுஷர்.

ஆரம்பத்தில் அந்த சைட் ஒழுங்காகத்தான் இருந்தது. வெளிநாட்டுக்காரர்கள் கலர் எழுத்து, மெழுகுவத்திப் படம், பூப்படம் எல்லாம் ஒட்டி மன்றாட்டு அனுப்ப ஆரம்பித்ததும் வினை வந்தது. அவை பிரிண்டில் படமாக வராமல், குறியும் அடைப்புமாகக் கொச்சையாக வந்தன. ஃபாதருக்கு மனசு கேட்கவில்லை. "மாதாவுக்கு எழுதினதுல நாம ஒரு எழுத்துகூட மாத்தக்கூடாதும்மா. அவங்க எப்படி அனுப்பினாங்களோ அப்படியே வரணும்" என்றார். வெப்சைட்டைத் திறந்து காட்டுகிற பிரவுசருக்கு எது எழுத்து, எது கட்டளை என்று தெரியாது. யாராவது கட்டளையை எழுதிப் போட்டால் அதை வெறும் எழுத்தாக மட்டும் காட்டு என்று சொல்லி வைக்கிற காவல் ஒன்று உண்டு. புரோகிராமில் மன்றாட்டைக் காட்டும் அந்த ஒரே வரியில், அடைப்புக்குறிக்குள் இரண்டு ஆச்சரியக்குறிகளைப் போட்டு, லின்சி அந்தக் காவலை எடுத்துவிட்டாள். செய்யக்கூடாது என்று தெரியும். மாதா கோவிலில் வந்து எவன் திருடப்போகிறான் என்கிற தைரியம். மெழுகுவத்தி எல்லாம் அழகாக எரிந்தது. ஃபாதர் சந்தோஷப்பட்டார்.

மறுநாள் காலையில் கோவிலுக்குப் புறப்பட்டாள். "போ, போ. மாதா எல்லாத்தையும் கேட்டுட்டுதான் இருக்கா" என்றான் கிளாட்சன், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

பஸ் கால்வாய்க் கரையோடு போனது. சம்பா அறுப்பு முடிந்து தாளடியில் உளுந்து பூத்திருந்தது. ஜன்னலில் தலையைச் சாய்த்துக்கொண்டு, நான் நினைப்பது பொய்யாக இருக்கட்டும் மாதாவே என்று வேண்டிக்கொண்டே போனாள். வேண்டுதல் என்றதுமே பக்கென்றது. இனி எதை எழுதாமல் வேண்டுவது, எதை எழுதி வேண்டுவது?

ஆபீஸில் சவரிராஜ் பிரிண்டருக்கு மை ஊற்றிக்கொண்டிருந்தார். லின்சி டேட்டாபேஸைத் திறந்து மன்றாட்டுகளைப் பச்சையாகப் பார்த்தாள், ஒப்பனை இல்லாமல், அனுப்பியது அனுப்பியபடி. வேலை, விசா, கோர்ட் கேஸ், குடிகாரப் புருஷன், பிள்ளை வரம். நடுவில் 'லில்லி மேரி, துபாய்' என்று ஒரு மன்றாட்டு. 'என் முழங்கால் வலி தீர மாதா மனமிரங்க வேண்டும்.' அதற்குக் கீழே பிரிண்டில் வராத ஒரு வரி. இந்தப் பக்கத்தில் உள்ள அத்தனையையும் வாரி இன்ன முகவரிக்கு அனுப்பு என்கிற கட்டளை. ஒவ்வொரு சனிக்கிழமையும் சவரிராஜ் சிலுவை போட்டுக்கொண்டு பக்கத்தைத் திறக்கிறார். திறந்த கையோடு, 'மாதாவுக்கு மட்டும்' என்று எழுதியது உட்பட எல்லாம் அந்த முகவரிக்குப் போய்விடுகிறது. அது யாருடைய முகவரி என்று அவளுக்கு மனப்பாடம். கிளாட்சன் தொழிலுக்கு வைத்திருக்கும் சர்வர். வேறு பெயரில் ஒன்று வாங்கக்கூட அவன் மெனக்கெடவில்லை. இவளுக்குக் கண்டுபிடிக்கத் துப்பு ஏது என்கிற இளக்காரம்.

பின்னால் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்பது வாரம் முடிகிற ஒவ்வொரு முறையும் லில்லி மேரி புதிதாக எழுதியிருந்தாள். இரண்டு வருஷமாக அந்தப் புண்ணியவதிக்கு முழங்கால் வலி தீரவேயில்லை.

அப்போதுதான் ஒன்று ஞாபகம் வந்தது. போன வருஷம் தவக்காலத்தில், 'அவர் என்னை ஏய் என்றுதான் கூப்பிடுகிறார், ஒரு தடவையாவது பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் தாயே' என்று எழுதியிருந்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து "லின்சி, காபி. லின்சி, இங்க வா. லின்சி, இந்தச் சேலை உனக்கு நல்லா இருக்கு" என்று ஒரே லின்சி மயம். அவள் அடுப்படியில் நின்று அழுதாள். பஸ் ஏறிவந்து ஆளுயர மெழுகுவத்தி ஏற்றினாள். நன்றி மன்றாட்டும் எழுதிப் போட்டாள். அதற்கு அடுத்த வாரமே மறுபடி "ஏய்" வந்துவிட்டது. தன் விசுவாசம் குறைந்ததால்தான் என்று நினைத்து வெள்ளிக்கிழமை ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருந்தாள். அடப்பாவி! அந்த நன்றி மன்றாட்டையும் படித்துவிட்டுத்தானே காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பான்? அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"என்னம்மா, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு?" என்றார் சவரிராஜ்.

"ஒண்ணுமில்லீங்கய்யா. மை வாசம் கண்ணுல எரியுது."

அடைப்பது ஒரு நிமிஷ வேலை. அந்த இரண்டு ஆச்சரியக்குறிகளை அழித்துவிட்டுப் பழைய அடைப்புக்குறியைப் போட்டால் போதும். லில்லி மேரியின் கட்டளை வெறும் எழுத்தாகிக் காகிதத்தில் செத்துக் கிடக்கும். லின்சி அந்த வரிக்குப் போனாள். விரலையும் வைத்தாள். பிறகு எடுத்துவிட்டாள்.

இந்த இடத்தில் அவளை நல்லவள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. இன்னொரு சனிக்கிழமை அந்த ஓட்டை திறந்திருந்தால் ஊர்ப்பட்ட பெண்களின் கண்ணீர் இன்னொரு தடவை அவன் மடியில் போய்க் கொட்டும். தெரியாமல் இல்லை. தெரிந்துதான் மன்றாட்டுப் பக்கத்தைத் திறந்து, 'மாதாவுக்கு மட்டும்' என்று குறியிட்டு, எழுதினாள்.

'தாயே, அவருக்கு ரொம்ப நெருங்கிய ஒருவர் அவரைப் பற்றிய அந்த விஷயத்தை என்னிடம் சொல்லிவிட்டார். இத்தனை நாள் தெரியாமல் இருந்துவிட்டேனே. சொன்னது யார் என்பதையும், நான் என்ன செய்யப்போகிறேன் என்பதையும் அடுத்த சனிக்கிழமை உன் பாதத்தில் வைக்கிறேன். லின்சி, தஞ்சாவூர்.'

என்ன விஷயம்? அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. யாரும் எதையும் சொல்லவில்லை. இருட்டில் கல்லை விட்டெறிந்தாள், அவ்வளவுதான்.

சனிக்கிழமை காலையில் ஹாலைக் கூட்டிக்கொண்டே அவனைப் பார்த்தாள். ஆட்டிக்கொண்டிருந்த கால் நின்றது. திரைக்குக் கிட்டத்தில் முகத்தைக் கொண்டுபோனான். கீழே போனான், மேலே வந்தான், திரும்பப் படித்தான். காது மடல் ரெண்டும் வெளுத்துவிட்டது. அட, கல் எதன்மேலோ பட்டிருக்கிறதே! லின்சிக்குச் சந்தோஷம் வந்தது, இந்த வீட்டில் நாலு வருஷமாக அவள் காணாத சந்தோஷம். நவநாளுக்கு என்று சீக்கிரமே கிளம்பிப்போய், ஆபீஸில் உட்கார்ந்து, அந்த இரண்டு குறிகளையும் அழித்தாள். தானே ஒரு கட்டளையை எழுதிப் போட்டுச் சோதித்தும் பார்த்தாள். அது ஓடவில்லை. எழுத்தாகவே நின்றது. மெழுகுவத்திப் படங்களும் மறுபடி குறியும் அடைப்புமாகிவிட்டன, ஃபாதரிடம் ஏதாவது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

அடுத்த சனிக்கிழமை கிளாட்சனுக்கு எதுவும் வரவில்லை. அதற்கப்புறம் லில்லி மேரிக்குத் தினமும் ஒரு வியாதி வந்தது. முழங்கால், இடுப்பு, கண் பார்வை. ஒவ்வொரு வலிக்குக் கீழேயும் ஒவ்வொரு தினுசாக ஒரு கட்டளை, படத்துக்குள் ஒளித்து, எழுத்தைத் திருப்பிப் போட்டு, என்னென்னவோ வித்தை. ஒன்றும் பலிக்கவில்லை. சவரிராஜ் போன் பண்ணினார். "ஏம்மா, அந்தத் துபாய் அம்மா ஏதோ புரியாத பாஷையில பக்கம் பக்கமா எழுதுறாங்களே, பரவச ஜெபமா இருக்குமோ?"

"இருக்குங்கய்யா. அப்படியே மாதாகிட்ட வச்சிடுங்க."

"வச்சிட்டேன்மா. ஒரு எழுத்துகூட விடல" என்றார்.

வீட்டில் கிளாட்சனைப் பார்க்கவேண்டுமே! சாப்பிடுவான், பாதியில் நிறுத்துவான். "யாராவது உன்கிட்ட பேசினாங்களா?" என்பான். "யாருங்க? எதைப் பத்தி?" என்று அவள் கண்ணை விரிப்பாள். "இல்ல, சும்மாதான்" என்று எழுந்துவிடுவான். எப்படிக் கேட்பான்? நீ மாதாவுக்கு என்ன எழுதினாய் என்று கேட்க வாய் வருமா? அவன் தோண்டிய குழிக்குள் அவனே வாய் பொத்திக் கிடந்தான். அவளும் ஒன்றும் சும்மா இருக்கவில்லை, காய் நறுக்கும்போதும் துணி பிழியும்போதும் அதே நினைப்புத்தான். என்ன விஷயம்? வேறொரு பெண்ணா? வியாதியா? போலீஸ் கேஸா? சொன்னது யாரென்று அவனுக்குத் தெரியவில்லை, விஷயம் என்னவென்றே அவளுக்குத் தெரியவில்லை. ஒரே கட்டிலில் இரண்டு பேரும் முதுகைக் காட்டிக்கொண்டு விழித்துக் கிடந்தார்கள்.

அவன் ஒவ்வொருவராக வெட்டிவிட ஆரம்பித்தான். கூடவே சுற்றிய கூட்டாளியின் நம்பரை பிளாக் செய்தான். பெரியப்பா மகன் வந்தபோது உட்காரக்கூடச் சொல்லவில்லை. அப்புறம் ஒரு நாள் மாடிக்குப் போய், அடித்தொண்டையில் போனில் பேசுவது கேட்டது. "அவகிட்ட என்ன சொல்லித் தொலைச்ச? பொய் சொல்லாதக்கா. இனிமே இந்த வீட்டு வாசப்படி மிதிக்காத." லின்சி துவைத்த துணியோடு படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். விண்ணரசியைப் பிடித்துவிட்டான். கல் போய் விழக்கூடாத இடத்தில் விழுந்துவிட்டது. இப்போதே மேலே ஏறிப்போய்ச் சொல்லிவிடலாமா? அண்ணி எதையும் சொல்லவில்லை, யாருமே எதையும் சொல்லவில்லை, நீ என் மன்றாட்டைத் திருடியதற்காக நான் எழுதிய பொய் அது என்று? சொன்ன நிமிஷமே அவன் நாற்காலியில் போய் உட்கார்ந்து காலாட்ட ஆரம்பித்துவிடுவான். அதை நினைத்ததும் எழுந்திருக்க மனசு வரவில்லை. நாளைக்குச் சொல்லலாம் என்று துணியைக் காயப்போட்டாள்.

நாளைக்குச் சொல்ல அவசியம் வரவில்லை. மறுநாள் மத்தியானம் இலை போட்டு உட்காருகிற வேளையில் விண்ணரசியே பூதலூரிலிருந்து ரயிலேறி வந்துவிட்டாள். வெயிலில் முகம் கருத்து, தலை கலைந்து, கையில் புது உளுந்து கட்டிய மஞ்சள் பையோடு. கிளாட்சன் கேட்டை உள்பக்கம் பூட்டிவிட்டு அந்தப் பக்கமும் போகாமல் இந்தப் பக்கமும் வராமல் நடுமுற்றத்தில் நின்றான். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

"தொறடா கேட்ட. கூடப் பொறந்தவள ரோட்டுல நிக்க வைக்கிறியே, நல்லா இருப்பியா?"

"போயிடுக்கா. அசிங்கமா இருக்கு."

"எனக்கு இல்லாத அசிங்கமா உனக்கு?" விண்ணரசி கம்பியைப் பிடித்து உலுக்கினாள். லின்சி கரண்டியோடு வாசலுக்கு வந்ததைப் பார்த்ததும் குரல் உடைந்தது. "லின்சி, தாயீ, நீயே சொல்லும்மா இவன்கிட்ட. நான் உன்கிட்ட எதாவது சொன்னேனா? ஒரு வார்த்தை சொன்னேனா? அம்மா சாகுறப்ப தலையில அடிச்சு சத்தியம் பண்ணிக் குடுத்தேன்டா பாவி. நாலு வருஷமா இந்தப் புள்ள மூஞ்சியப் பாக்குறப்பெல்லாம் நெஞ்சு அடைக்குது. அப்பயும் வாயத் தொறந்தேனா? கல்யாணத்துக்கு முன்னாடியே சொல்லியிருக்கணும்டா நானு!"

அப்படியா, என்று லின்சி நினைத்துக்கொண்டாள். பரவசமோ அதிர்ச்சியோ ஒன்றும் இல்லை. கல்யாணத்துக்கு முன்னாடியே. மாமியாருக்குத் தெரிந்திருக்கிறது. அண்ணிக்குத் தெரிந்திருக்கிறது. வரும்போதெல்லாம் தாவாங்கட்டையைப் பிடித்து "சாப்பிட்டியா, ஏன் இளைச்சுட்ட" என்று கேட்டாளே, அதெல்லாம் பாசம் என்று நம்பினோமே. பலியாட்டுக்குத் தழை போட்டுவிட்டு முதுகைத் தடவிக்கொடுத்தாளா?

கிளாட்சன் திரும்பி லின்சியைப் பார்த்தான். நாலு வருஷத்தில் அவன் அவளை இப்படிப் பார்த்ததில்லை. கண்ணில் கெஞ்சல் இருந்தது. தன்னால் கேட்க முடியாததை அக்கா கேட்டுவிட்டாள், பதிலைச் சொல்லிவிடேன் என்கிற கெஞ்சல். 'இல்லை' என்று ஒரு சொல். அந்த ஒரு சொல்லில் அக்காவுக்குத் தம்பி கிடைப்பான், இவனுக்குத் தூக்கம் கிடைக்கும். கேட் கம்பிகளுக்கு நடுவே விண்ணரசியின் வாய் பிளந்தபடி அந்தச் சொல்லுக்காகக் காத்திருந்தது.

"சாப்பாடு ஆறுதுங்க, வாங்க" என்றாள் லின்சி, புருஷனைப் பார்த்து.

கம்பியிலிருந்து விண்ணரசியின் ஒரு கை நழுவியது, மற்றது அப்படியே இருந்தது. கிளாட்சன் உள்ளே வந்து இலைக்கு முன்னால் உட்கார்ந்தான். லின்சி கதவைச் சாத்தவில்லை. சோற்றை வைத்தாள், குழம்பை ஊற்றினாள், தனக்கும் ஓர் இலை போட்டுக்கொண்டு அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். அவன் பிசைந்தான். பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. திறந்த கதவு வழியாகக் கேட் தெரிந்தது, கம்பியைப் பிடித்த கையும் தெரிந்தது. லின்சி அவன் வாயையே பார்த்துக்கொண்டு, ஒரு கவளத்தை எடுத்து நிதானமாக மென்றாள்.